இல்லாத செடியை எண்ணுவது

சங்கரன்கோவிலிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். தொலைக்காட்சியில் இயற்கைப் படம் ஒன்று பார்த்தாராம். இங்கிலாந்தில் ஏதோ ஒரு புல்மேட்டில் வயதானவர்கள் நாலைந்து பேர் மண்டியிட்டு, அளவுநாடாவை இழுத்துப் பிடித்து, சின்னச் சின்னக் கொடி குத்தி, ஆர்க்கிட் செடிகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தார்களாம். போன வருஷமும் எண்ணினோம், வருகிற வருஷமும் எண்ணுவோம் என்று பெருமையாகச் சொன்னார்களாம். "அந்தப் பூவெல்லாம் ரேஷன் கார்டா வாங்கப்போகிறது? ஒரு தடவை எண்ணினால் போதாதா? இதற்குச் சம்பளம் உண்டா?" என்று கேட்கிறார்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: பெரும்பாலும் கிடையாது. சொந்தக் காசில் பஸ் ஏறி வருகிற தொண்டர்கள்தான் அவர்கள். ஒரு தடவை எண்ணினால் ஏன் போதாது என்பது கொஞ்சம் பெரிய கதை. அந்தச் செடிக்கு ஒரு விசித்திரப் பழக்கம் இருக்கிறது. எனக்கு அதைச் சொல்லத்தான் ஆசை என்பதால் மற்றதை வேகமாகக் கடந்துவிடுகிறேன்.

ஆர்க்கிட் எப்படி இருக்கும் என்று இன்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. எந்தக் கல்யாண மேடையிலும் ஊதாவும் வெள்ளையுமாகத் தொங்குகிறது. நம் மலைகளில் பல ஆர்க்கிட்டுகள் மரத்தில் தொற்றி வாழ்கின்றன. பிரிட்டனில் தானாக வளரும் ஐம்பத்துச் சொச்சம் வகைகளோ எல்லாமே தரைவாசிகள். பல வகைகள் சாண் உயரம்தான் இருக்கும். நின்றுகொண்டு பார்த்தால் கண்ணில் படாது. மண்ணுக்குள் கிழங்கோ தடித்த வேரோ இருக்கும். சத்துக் குறைந்த சீமைச்சுண்ணாம்பு மண்ணில் கட்டையாக மேய்ந்துவிட்ட புல்வெளிதான் இவற்றில் பலவற்றுக்கு உகந்த இடம். அங்கே உரம் போட்டீர்களானால் புல் ஓங்கி வளர்ந்து ஆர்க்கிட்டை அமுக்கிவிடும்.

எண்ணுவதில் இரண்டு விதம் உண்டு. எத்தனை பூத்தண்டு நிற்கிறது என்று வரிசையாக நடந்து எண்ணிக்கொண்டு போவது ஒன்று. ஆயிரக்கணக்கில் பூக்கிற இடத்தில் வேறு வழியில்லை. மற்றது, ஒவ்வொரு செடியையும் தனித்தனி ஆளாக வைத்துக் கணக்கெழுதுவது. நிலத்தில் அசையாத இரண்டு முளைகளை அடித்துவிட வேண்டும். அந்த முளையிலிருந்து செடிக்கு எவ்வளவு தூரம், இந்த முளையிலிருந்து எவ்வளவு தூரம் என்று நாடா பிடித்து எழுத வேண்டும். இரண்டு தூரமும் தெரிந்தால் காம்பஸால் இரண்டு வில் போட்டு, அவை வெட்டிக்கொள்ளும் புள்ளியில் செடியைக் குறித்துவிடலாம். (வில்கள் இரண்டு இடத்தில் வெட்டுமே என்று கணக்கு வாத்தியார் யாராவது கேட்பார். முளைக்கோட்டுக்கு எந்தப் பக்கம் என்பதையும் எழுதிக்கொள்வார்கள், ஐயா.) ஆட்டுக் காலிலும் புல்வெட்டும் எந்திரத்திலும் மாட்டாமல் இருக்க முளையைத் தரையோடு தரையாக இறக்கிவிடுவதும் உண்டு. அடுத்த வருஷம் அதைத் தேட உலோகம் கண்டறியும் கருவி வேண்டும்.

பிறகு செடியின் ஜாதகம்: இலை எத்தனை, பூத்ததா, எத்தனை பூ, காய் பிடித்ததா, தலையை முயல் கடித்ததா, நத்தை தின்றதா. பக்கத்துச் செடி நாலு விரல் தள்ளித்தான் இருக்கும். நாடா கொஞ்சம் தொய்ந்தால் ஒன்றின் கணக்கு இன்னொன்றின் பேரில் ஏறிவிடும். பார்க்க வேடிக்கையாக இருந்தாலும் முதுகை ஒடிக்கிற வேலை.

இப்படிச் செடிவாரியாகக் கணக்கு வைத்த முன்னோடிகளில் ஒருவர் சுவீடனின் கார்ல் ஓலோஃப் டாம். 1940களில் சில புல்வெளித் துண்டுகளைக் குறித்துவைத்துக்கொண்டு, அதே இடங்களுக்கு அதே வரைபடத்தோடு முப்பது வருஷம் போய்வந்தார். முதலில் குறித்த ஆர்க்கிட்டுகளில் சில அத்தனை காலத்துக்குப் பிறகும் உயிரோடு இருந்தன. இங்கிலாந்தில் இந்த வேலையைப் பிடித்துக்கொண்டவர் டெர்ரி வெல்ஸ். பெட்ஃபோர்ட்ஷயரில் நாக்கிங் ஹோ என்று ஒரு சின்ன தேசிய இயற்கைக் காப்பிடம் இருக்கிறது. அங்கே 1962-இல் ஸ்பைராந்தஸ் ஸ்பைராலிஸ் என்ற ஆர்க்கிட்டை அவர் குறிக்கத் தொடங்கினார். மற்ற ஆர்க்கிட்டுகள் எல்லாம் பூத்து ஓய்ந்த பிறகு ஆகஸ்ட், செப்டம்பரில் பூப்பது அது. குட்டி வெள்ளைப் பூக்கள் தண்டைச் சுற்றிச் சுழன்று ஏறும்.

விசித்திரம் இங்கேதான் தொடங்குகிறது. ஒரு செடி இந்த வருஷம் இருக்கிறது. அடுத்த வருஷம் நாடாவைப் பிடித்துப் பார்த்தால் அந்தப் புள்ளியில் வெறும் புல். இலையும் இல்லை, தண்டும் இல்லை. செத்துவிட்டது என்று எழுதத்தானே தோன்றும்? ஆனால் அதற்கடுத்த வருஷம், அல்லது அதற்கும் அடுத்த வருஷம், அதே புள்ளியில் செடி நிற்கிறது. ஓர் இடத்தில் நடந்தால் புதுச் செடி முளைத்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். வரைபடம் முழுக்க, குறித்த புள்ளிகளிலேயே இப்படித் திரும்பத் திரும்ப வந்தபோது வேறு முடிவுக்கு இடமில்லாமல் போயிற்று. செடி எங்கும் போகவில்லை. ஒரு முழு வருஷம் மண்ணுக்கு மேலே தலை காட்டாமல் கீழேயே இருந்திருக்கிறது.

காந்தளும் கோடையில் மடிந்து மழைக்குத் துளிர்க்கிறதே, இதென்ன அதிசயம் என்று கேட்கலாம். காந்தள் வருஷத்தில் சில மாதம் உறங்கும். பருவம் வந்தால் எழுந்துவிடும். நான் சொல்கிற ஆர்க்கிட் தன் பருவத்தையே விட்டுவிடுகிறது. மழையும் வெயிலும் சரியாக இருக்கும், பக்கத்துச் செடி பூத்து நிற்கும், இது மட்டும் வராது.

என் அப்பா ஓராசிரியர் பள்ளியில் வேலை பார்த்தவர். கடலை பிடுங்குகிற காலத்தில் வகுப்பில் பாதிப் பேர் வரமாட்டார்கள். குடும்பத்தோடு வெளியூருக்குப் போய் மாதக்கணக்கில் திரும்பாத பையன்களும் உண்டு. அப்பா யார் பெயரையும் அடிக்கமாட்டார். வராத நாளுக்குப் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிடுவார். சோதனைக்கு வந்த அதிகாரி ஒருவர் அன்று பெஞ்சில் இருந்த தலைகளை எண்ணிப் பார்த்துவிட்டு, பாதிப் பள்ளி இடைநின்றுவிட்டது என்று குறிப்பெழுதிவிட்டுப் போனார். கடலை முடிந்ததும் பையன்கள் வந்துவிட்டார்கள், கைநிறையக் கடலையோடு. வெல்ஸ் வைத்திருந்தது அப்பாவின் பதிவேடு. ஒரே ஒரு ஜூன் மாதத்தில் வந்து பூவை எண்ணிவிட்டு அறிக்கை எழுதுகிறவர் அந்த அதிகாரி.

இலையே இல்லாமல் ஒரு செடி வருஷம் முழுக்க எதைத் தின்று உயிர் வாழ்கிறது? கிழங்கில் கொஞ்சம் சேமிப்பு இருக்கும். அதைவிட முக்கியமானது பூஞ்சை. ஆர்க்கிட் விதை வெறும் தூசு; நெல்லுக்கும் உளுந்துக்கும் இருப்பதுபோல முளைக்குக் கட்டிக்கொடுத்த சோறு அதில் கிடையாது. மண்ணில் உள்ள, அதற்குப் பொருந்துகிற பூஞ்சையின் இழை உள்ளே புகுந்து ஊட்டினால்தான் அது முளைக்கும். இழைகள் ஆர்க்கிட்டின் செல்லுக்குள் சுருள் சுருளாகப் படியும், ஆர்க்கிட் அந்தச் சுருளைச் செரித்துக்கொள்ளும். இப்படி முதல் பச்சை இலை விடுவதற்கே சில வருஷம் ஆகலாம். வளர்ந்து தன் காலில் நின்ற பிறகும் பல வகைகள் இந்த உறவை விடுவதில்லை. அதனால்தான் ஒரு வருஷம் மேலே வராமல் காலம் தள்ள முடிகிறது.

இந்தப் பழக்கத்தை எல்லை வரை கொண்டுபோன ஆர்க்கிட் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் பேய் ஆர்க்கிட் என்றே பெயர். அதற்கு இலையும் கிடையாது, பச்சையமும் கிடையாது. வாழ்நாள் முழுக்கப் பூஞ்சையை உண்டு காட்டின் அடியில் கிடக்கும். தோன்றினால் பூவாகத்தான் தோன்றும். பிரிட்டனில் முதன்முதலில் 1854-இல் கண்டார்கள். அதற்குப் பிறகு எப்போதாவது ஒன்று. 1986-க்குப் பிறகு கண்ணில் படவே இல்லை என்பதால், 2005-இல் வெளியான பட்டியல் அற்றுப்போன இனம் என்று எழுதிவிட்டது. 2009-இல் ஹியர்ஃபோர்ட்ஷயர் காட்டில் ஒரே ஒரு சின்னஞ்சிறு செடி எழுந்து நின்றது. பட்டியல் போட்டவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வராதவர்களுக்கெல்லாம் மரணச் சான்றிதழ் எழுதுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

ஏன் வரவில்லை என்பதற்கு ஒற்றைக் காரணம் இல்லை. போன வருஷம் பூத்துக் காய்த்துக் களைத்திருக்கலாம், தலையை ஆடு கடித்திருக்கலாம், வறட்சியாக இருந்திருக்கலாம். மேலே வந்தால் இலை தின்னப்படும், காயும், கருகும். கீழே இருந்தால் வளர்ச்சி இல்லை, உயிர் மிஞ்சும். க்யூ தாவரவியல் பூங்காவினர் உட்படப் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து 2018-இல் வெளியிட்ட தொகுப்பு ஒன்றில், 24 குடும்பங்களைச் சேர்ந்த 114 செடியினங்களாவது இப்படி வருஷத்தைத் தவறவிடுகின்றன என்று காட்டினார்கள். சில இருபது வருஷம் வரைகூட மண்ணுக்குள் இருக்கும். ஆர்க்கிட்டுகள் இதில் முன்வரிசைக்காரர்கள், அவ்வளவுதான்.

எண்ணுகிறவருக்கு இதனால் ஒரு வினோதமான தலைவலி. இந்த வருஷம் வராத செடி செத்ததா, உறங்குகிறதா என்பது இந்த வருஷம் தெரியாது. அடுத்த வருஷமோ அதற்கடுத்த வருஷமோ அது வந்தால், பழைய பக்கத்தைத் திருப்பி 'இல்லை' என்பதை 'உறக்கம்' என்று திருத்த வேண்டும். அப்படித் திருத்தத் திருத்தப் பழைய வருஷங்களின் கணக்கு நேராகிக்கொண்டே போகும். கடைசி இரண்டு மூன்று வருஷங்களின் கணக்கு எப்போதும் ஆட்டத்தில்தான் இருக்கும். வேலையை நிறுத்திவிட்டால் அந்தக் கடைசி வருஷங்கள் கடைசிவரை சரியாகாது. ஏன் வருஷா வருஷம் என்ற கேள்விக்கு என் பதில் இதுதான்.

கணக்கு நீண்டதால் என்ன கிடைத்தது என்பதற்கு ஒரு நிலத்தைச் சொல்கிறேன். பிரைட்டன் நகருக்குப் பக்கத்தில் காசில் ஹில் என்ற காப்பிடம். சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஹட்சிங்ஸ் 1975-இல் அங்கே சிலந்தி ஆர்க்கிட் என்று அழைக்கப்படும் ஆஃப்ரிஸ் ஸ்பெகோடிஸ் செடிகளைக் குறிக்கத் தொடங்கி, 2006 வரை விடாமல் செய்தார். முதல் சில வருஷங்கள் அந்த நிலத்தில் மாடுகள் மேய்ந்தன; ஆர்க்கிட் சரிந்துகொண்டே வந்தது. 1980-இல் மாட்டை நிறுத்திச் செம்மறியை விட்டார்கள். எண்ணிக்கை ஏறத் தொடங்கியது. மேய்ச்சலே ஆகாது என்று யாராவது வேலி போட்டிருந்தால் புல் வளர்ந்து மூடியிருக்கும். மேய்ச்சல் நல்லது என்று மாட்டையே விட்டிருந்தால் ஆர்க்கிட் போயிருக்கும். எந்த மிருகம், எந்த மாதம் என்பதுவரை கேட்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பூக்கிற நேரத்தில் செம்மறியும் தலையைக் கடித்துவிடும். இந்த ஆர்க்கிட் சுவீடனில் டாம் கண்டவைபோல நீண்ட ஆயுள் உள்ளதும் அல்ல. ஒரு வருஷத்தில் முதன்முதலாகத் தலைகாட்டிய செடிகளில் பாதி சுமார் இரண்டு வருஷத்துக்குள் போய்விடுகின்றன. விதை விழுந்து புதிது வந்துகொண்டே இருந்தால்தான் குடி நிலைக்கும். ஒரு வருஷத்துப் பூவைப் பார்த்து ஆஹா என்று வியந்துவிட்டுப் போகிறவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

விதை விழ வேண்டுமென்றால் மகரந்தம் சேர வேண்டும். அதற்கு இந்தச் சிலந்தி ஆர்க்கிட் கையாள்வது சுத்தமான மோசடி. தேன் கிடையாது. ஆண்ட்ரீனா என்ற காட்டுத்தேனீயில் பெண்ணின் உடலில் என்ன மணம் இருக்குமோ அதே வேதிக் கலவையைப் பூ உண்டாக்குகிறது. ஆண் தேனீ பெண் என்று நம்பிப் பூவோடு புணர வந்து, மகரந்தத் திரளை ஒட்டிக்கொண்டு ஏமாந்து போகிறது. அடுத்த பூவிலும் ஏமாறுகிறது. ஒருமுறை மகரந்தம் சேர்ந்த பூ, ஏற்கெனவே கூடிவிட்ட பெண்தேனீ வெளியிடும் மணத்தைக் கொடுத்து, இனி வராதே என்று ஆணைத் திருப்பி அனுப்பிவிடும். சினிமாவில் வைத்தால் நம்ப மாட்டார்கள்.

இந்த ஏமாற்று வேலைக்குக் காலம் முக்கியம். ஆண் தேனீக்கள் வந்துவிட்டிருக்க வேண்டும், நிஜப் பெண்கள் இன்னும் வராதிருக்க வேண்டும். அந்தச் சின்ன இடைவெளியில் பூ விரிய வேண்டும். உலகம் சூடேறினால் இது என்ன ஆகும் என்று பார்க்க விரும்பியவர்கள், 1848 முதல் 1958 வரை யார் யாரோ பறித்து உலர்த்தித் தாளில் ஒட்டிவைத்த 77 மாதிரிகளை எடுத்தார்கள். ஹட்சிங்ஸின் வருஷாந்திரக் குறிப்புகளோடு ஒப்பிட்டார்கள். இரண்டும் ஒரே விடையைத் தந்தன: வசந்தம் ஒரு டிகிரி சூடானால் பூ ஏறக்குறைய ஆறு நாள் முந்துகிறது. தேனீக்களின் மாதிரிகளைப் பார்த்தால் ஆண்கள் ஒன்பது நாள் முந்துகின்றன, பெண்கள் பதினைந்து நாளுக்கும் மேல். பெண் முந்திக்கொண்டால் ஆண் எதற்குப் பூவிடம் ஏமாற வேண்டும்? 1975-இல் குனிந்து நாடா பிடித்தவர் வெப்பநிலைக்காக அதைச் செய்யவில்லை. மாடா, ஆடா என்ற சிக்கலுக்கு விடை சொன்ன நோட்டு நாற்பது வருஷம் கழித்து இந்தக் கேள்விக்கும் உதவியது.

எண்ணிக்கையின் இன்னொரு பாதியை யாரும் வெளியே பேசமாட்டார்கள்: இடத்தைச் சொல்லாமல் இருப்பது. மஞ்சள் பையும் செம்பழுப்பு இதழுமாக ஒரு பாதணி வடிவ ஆர்க்கிட், சிப்ரிபீடியம், வட இங்கிலாந்தில் ஒரு காலத்தில் சந்தையில் விற்கிற அளவுக்கு இருந்தது. தோண்டித் தோண்டி, 1917-இல் பிரிட்டனில் அற்றுப்போனது என்று சொல்லிவிட்டார்கள். 1930-இல் யார்க்ஷயரில் ஒரு செடி கண்டுபிடிக்கப்பட்டது. அதன் இடம் பல பத்தாண்டுகள் ரகசியம். பூக்கும் பருவத்தில் காவல். 1980களில் க்யூ பூங்காவில் விதையிலிருந்து கன்று எடுக்கப் படாதபாடு பட்டு, மீண்டும் நட்டவற்றில் முதல் பூ 2000-இல்தான் விரிந்தது. தோண்டியவன் வேலை அரைமணி நேரத்தில் முடிந்திருக்கும்.

இதன் உறவுக்காரர் நம்மிடமும் உண்டு. 1865-இல் கர்னல் ட்ரூரி களக்காட்டு மலையில் கண்டெடுத்த பாஃபியோபெடிலம் ட்ரூரியை என்ற ஆர்க்கிட் அது. அகத்தியமலைப் பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. வெளிநாட்டு ஆசைக்காக வெட்டியெடுத்துக் கொண்டுபோனதில் இன்று அழிவின் விளிம்பில் நிற்கிறது. 1991-இலேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் பாதணி ஆர்க்கிட்டுகளைச் சேர்த்துவிட்டார்கள். சட்டம் சரிதான். ஆனால் கைபேசியில் படம் எடுத்து, இடக்குறியோடு ஊருக்கே அனுப்புகிற நம் பழக்கத்துக்கு எந்தச் சட்டமும் போதாது. படம் எடுப்பவர்கள் திருடர்கள் என்று சொல்லவில்லை. நல்ல கோணத்துக்காக அவர்கள் முழங்கால் ஊன்றும் இடத்தில்தான் போன வருஷம் விழுந்த விதையின் குழந்தைகள் இருக்கும்; மண்ணுக்குள் உறங்குவதும் இருக்கும்.

எண்ணுவதில் நமக்கு ஆர்வம் இல்லை என்றும் சொல்ல முடியாது. ஒரே நாளில் இத்தனை லட்சம் மரக்கன்று நட்டோம் என்று பந்தல் போட்டு எண்ணுகிறோம். மூன்றாம் வருஷம் அதே குழிகளுக்குப் போய், எது இருக்கிறது, எது காய்ந்தது என்று குனிந்து பார்க்க எத்தனை பேர் போகிறார்கள்? நட்ட நாளுக்குப் படம் இருக்கும், அடுத்த ஜூலைக்கு நோட்டு இருக்காது. எனக்கு இதில் கோபம் உண்டு; மறைப்பதற்கில்லை.

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் ஹபினேரியா போன்ற தரை ஆர்க்கிட்டுகள் மழைக்கு எழுந்து, பூத்து, காற்று உலரும்போது மறைந்துவிடுகின்றன. காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் இறங்காதீர்கள். ஆனால் மலையோர ஊர்களில் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் கல்லூரித் தாவரவியல் துறைகளும் இருக்கின்றன. கல்லூரி வளாகத்துப் பாறையோரத்தில், கோயில் காட்டில், பறிக்காமல் மிதிக்காமல் பத்துச் செடியை வைத்துத் தொடங்கலாம். இரண்டு முளை, ஒரு நாடா, ஒரு நோட்டு போதும். முளை இரும்பாக இருக்கட்டும், மரமானால் கரையான் விடாது. பென்சிலால் எழுதுங்கள், மழையில் பேனா மை ஓடிவிடும். நோட்டின் இன்னொரு பிரதி வேறொருவர் வீட்டில் இருக்கட்டும். அவர் உங்களைவிட இருபது வயதாவது இளையவராக இருப்பது நல்லது.